பின்னால் நின்று கேட்ட வாய்ப்பாடு

சென்ற மாதம் ஒரு இளம் டீச்சர் என்னைத் தேடி வந்தாள். பல்லடத்துக்குப் பக்கத்தில் நான் இருபது வருடத்துக்குமேல் வேலை பார்த்த பள்ளியில் இப்போது அவள் இருக்கிறாள். கைப்பேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினாள். திரையில் ஏழு பெருக்கல் எட்டு என்று வருகிறது. கீழே ஒரு பச்சைக் கோடு தேய்ந்துகொண்டே போகிறது. கோடு தீர்வதற்குள் விடையைத் தொடவேண்டும், இல்லையென்றால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

"இதெல்லாம் குடுத்தும் என்ற கிளாஸ் பசங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு வர மாட்டேங்குதுங்க டீச்சர். உங்க காலத்துல அஞ்சாங்கிளாஸ் மொத்தமும் மூணு எண்றதுக்குள்ள பதில் சொல்லுமாமா. எப்புடிங்க வர வெச்சீங்க?" என்று கேட்டாள்.

நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவள் போனபிறகு, பதில் சொல்லாமல் அனுப்பியது தப்பு என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கேட்டதற்கு நேரான பதில் பயம் என்பதுதான். பிள்ளைகளுக்கு என்னிடம் பயம், எனக்குத் தலைமையாசிரியரிடம் பயம். அந்தப் பயத்தில் ஐந்தாம் வகுப்பு முழுவதும் வாய்ப்பாட்டைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னது உண்மை. அதே வருடம் அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காமல் போனதும் உண்மை. அது என் கையால் போனதா, தானாகப் போனதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் சேவூர்ப் பக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஒன்பது வருடம் காத்திருந்தேன். அத்தனை வருடமும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சூப்பர்வைசர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும்போது பிடரி எப்படிக் கூசும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அரசாங்க வேலை கிடைத்தால் இந்தப் பயமெல்லாம் ஓடிவிடும் என்று நம்பினேன். வேலை கிடைத்தது. கிடைத்த வேலை போய்விடுமோ என்ற பயம் பழைய பயத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை.

நான் சொல்லப்போவது இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் கழிந்த சமயம். அட்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களே படிக்கும் முறை அப்போது பள்ளிகளுக்கு வந்திருக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியரை ஊரே பெரிய சார் என்று கூப்பிடும். ஆள் குள்ளம். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. யாரையும் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். தப்பைக் கண்டால் ஒரு சீட்டு எழுதுவார். கிழித்த நாள்காட்டித் தாளை நான்காக வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதன் பின்பக்கம் பென்சிலால் ஒரே வரி. "ஏனுங்க டீச்சர், இதை ஒரு பார்வை பாத்துருங்க" என்று சொல்லி மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு சாக்பீஸ் துண்டை அதன்மேல் வைத்துவிட்டுப் போவார். 'கரும்பலகையில் நேற்றைய தேதி' என்று இருக்கும். அல்லது 'மூன்றாம் வரிசை, நகம்' என்று இருக்கும். திட்டினாலாவது அழுது ஆற்றிக்கொள்ளலாம். சீட்டை என்ன செய்வது?

எங்கள் பள்ளியிலும் முன்பு எல்லா ஊரையும் போலத்தான். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் ஒரே குரலில் "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு" என்று ராகம் போடும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டு மெச்சுவார்கள். ஒருநாள் பெரிய சார் என் வகுப்புக்கு வந்து ஒருவனை எழுப்பி, ஏழெட்டு எவ்வளவு என்றார். அவன் கண்ணை மூடி ஓரேழில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏறி, ஐம்பத்தாறில் வந்து நின்றான். பெரிய சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவனுக்கு வாய்ப்பாடு தெரியாதுங்க டீச்சர். பாட்டுத்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பாதியில் கேட்டால் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முழித்தார்கள்.

அடுத்த வாரம் அவரே ஒரு முறை வகுத்தார். அதில் ஒரு குறையும் நான் சொல்லமாட்டேன், அந்த டீச்சருக்கும் இதைத்தான் சொல்வேன். பத்துக்குப் பத்து கட்டம் போட்டால் நூறு பெருக்கல். அதைப் பார்த்தாலே பிள்ளைக்கு மலைப்பு வரும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றை அடித்துவிடுங்கள், அவை எல்லோருக்கும் வரும். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்று புரியவைத்தால் மீதியில் ஏறக்குறையப் பாதி குறையும். கடைசியில் மிஞ்சுவது இருபத்தொன்றே இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றை மட்டும் பனியன் பெட்டிக்குள் வைக்கும் அட்டைகளில் எழுதினோம். அட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, பிள்ளைகளே அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று புதிய அட்டைதான். பழையதோடு கலைத்துப் போட்டுக் கேட்கவேண்டும். பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் டஜன் கணக்கிலேயே வளர்ந்தவர்கள், பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும். அதையும் பிடித்துக்கொண்டோம்.

விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கேட்டு மூன்று எண்ணுவதற்குள் விடை வரவேண்டும். விரல் மடக்கக்கூடாது. முதலிலிருந்து தொடங்கக்கூடாது. கடைசி வரி இது: ஆசிரியர் பின்னால் நின்று கேட்கவேண்டும்.

"பின்னால எதுக்குங்க சார்?" என்றேன்.

"முன்னால நின்னா உங்க மூஞ்சியில பதிலப் புடிச்சுக்குவாங்க. அம்பத்தின்னு இழுத்துட்டு உங்க புருவத்தப் பாப்பாங்க. நீங்க தூக்குனா ஆறும்பாங்க. நீங்க ரொம்பத் தூக்கறீங்க டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் நான் தூக்குகிறவள்தான்.

அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் வகுப்பு மாறிவிட்டது. நான் வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்பேன், விடை பொட்டுப்பொட்டென்று விழும். மந்தம் என்று நான் கைவிட்டிருந்தவன்கூட "ஆறேழு நாப்பத்திரெண்டுங்க" என்பான். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் பெயர் அமலி.

அமலியின் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தது. அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அம்மா லூர்து எங்கள் ஊர்த் தறிக்குடோன் ஒன்றில் நான்கு விசைத்தறி ஓட்டினாள். குடோனை ஒட்டிய ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. நான்காம் வகுப்பிலும் அமலி என்னிடம் படித்தவள். எழுத்துத் தேர்வில் வாய்ப்பாட்டுக்கு முழு மதிப்பெண். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது ஒரு சொல் பிந்தமாட்டாள். எப்போதும் முதல் வரிசையில், என் முகத்துக்கு நேரே உட்காருவாள். பேசினால் கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள். தறிக்காரப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் கத்தும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவள், பின்னால் நின்று கேட்டால் மட்டும் கல்லுப்பிள்ளையார். நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். முதுகு அசையாது. தெரிந்துவைத்துக்கொண்டே சொல்லமாட்டேன் என்கிறாள், திமிர் என்று முடிவுகட்டினேன். வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்ததைக்கூட நான் நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

ஆண்டாய்வு நெருங்கியது. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வந்து எல்லா வகுப்பையும் சோதிப்பார். பெரிய சார் ஒரு சீட்டு வைத்தார். 'அமலி?' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கேள்விக்குறியை அன்று நான் பத்துத் தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். அலுவலர் முன்னால் இவள் வாய்மூடி நின்றால் என் கதி என்ன?

மறுநாள் அவளுக்குப் பின்னால் போய் நின்று, "ஏழெட்டு?" என்றேன். இன்னொரு முறை கேட்டேன். நான்காவது முறை கேட்டபோது என் கை தானாகப் போய்விட்டது. தானாக என்று இப்போது எழுதுகிறேன். கை தானாகப் போகாது. நான்தான் அறைந்தேன். நான் வலதுகைக்காரி. பின்னால் நின்று அடித்தால் வலது காதில்தான் விழும். அங்கேதான் விழுந்தது.

அமலி திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. "என்னங்க டீச்சர்?" என்றாள்.

"ஏழெட்டு எவ்வளவுடி?"

"அம்பத்தாறுங்க டீச்சர்" என்றாள். ஒன்று எண்ணக்கூட நேரமாகவில்லை.

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அன்று அதை நான் கண்ணால் கண்டுவிட்டதாக நினைத்தேன். இத்தனை நாள் வராத விடை ஒரே அடியில் வந்துவிட்டதே. அதற்குப்பிறகு அதுவே என் முறையாகிவிட்டது. கேட்பதற்கு முன்னால் ஒரு குட்டு, சில நாள் ஒரு அறை. அவள் திரும்புவாள், நான் கேட்பேன், சரியான விடை வரும். விடை அடியால் வரவில்லை, திரும்பி என் வாயைப் பார்ப்பதால் வருகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று வாரம் இப்படி நடந்தது. காதிலேயே விழுந்த அறை மூன்று என்று ஞாபகம். நான்காகவும் இருக்கலாம்.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யார் பின்னால் போனாலும் கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்ப்பாள். ஜன்னல் நிழல் அசைந்தால்கூடத் திரும்புவாள். பெரிய சார் இன்னொரு சீட்டு வைத்தார்: 'அமலி திரும்புகிறாள்.' அவளை நேரே உட்காரவைத்து, "ஆப்பீசர் வர்ற அன்னைக்கு மட்டும் திரும்புனே, தொலைச்சுப்போடுவேன்" என்று மிரட்டினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஆண்டாய்வு நாளில் அலுவலர் சாந்தமாகத்தான் இருந்தார். பெரிய சாரிடமிருந்து அட்டைக்கட்டை வாங்கிக்கொண்டு, விதிப்படி வரிசைக்குப் பின்னால் போய் நின்று கேட்டார். நான் கரும்பலகை ஓரமாக, பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றேன். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அது கயிறாகிவிட்டது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அமலிக்குப் பின்னால் அலுவலர் நின்றார்.

"ஆறு ஒன்பது?"

அவள் திரும்பவில்லை. என்னையே பார்த்தாள். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். இரண்டு தாண்டுவதற்குள் அவள் குரல் கணீரென்று வந்தது.

"அம்பத்திநாலுங்க ஐயா."

எட்டெட்டு கேட்டார், அறுபத்துநாலு என்றாள். ஏழாறு கேட்டார், நாற்பத்திரண்டு என்றாள். அலுவலர் பார்வையாளர் பதிவேட்டில் எங்கள் வகுப்பைப் பற்றி நல்லபடியாக இரண்டு வரி எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேசைக்கு வந்தால் சாக்பீஸ் துண்டுக்குக் கீழே ஒரு சீட்டு இருந்தது.

'டீச்சர் வாயசைத்தார்.'

அலுவலர் முன்னால் விடையைச் சொல்லிக்கொடுத்தேன் என்று என்மேல் பழி. அத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், சத்தியமா நான் பதிலச் சொல்லலைங்க. பயத்துல அவர் கேட்டதையே நானும் முணுமுணுத்துட்டனுங்க. ஆறொம்பது, ஆறொம்பதுன்னு. அவ்வளவுதானுங்க."

"கேள்வியவா சொன்னீங்க?"

"ஆமாங்க சார்."

பெரிய சார் பென்சிலை மேசையில் வைத்தார்.

"நான் பின்னால நின்னு கேட்டா அவ பதில் சொல்றதில்லீங்க. நீங்க கேட்டாலும் பின்னால இருந்தா இல்ல. இன்னைக்கு உங்க வாயப் பாத்துச் சொல்லியிருக்கறா. டீச்சர், அந்தப் புள்ளைக்குக் காது கேக்குதுங்களா?"

அந்தக் கணத்தை என்னால் எழுத முடியவில்லை. என் வலது உள்ளங்கை சில்லிட்டுப்போனது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அமலியைக் கூப்பிட்டனுப்பினார். சுவர்க் கரும்பலகையில் ஒன்பதாம் வாய்ப்பாட்டை எழுதச் சொன்னார். அவள் எங்களுக்கு முதுகு காட்டி எழுத ஆரம்பித்தாள். பெரிய சார் எதைச் செய்தாலும் முறையாகச் செய்பவர். முதலில் ஆறு தப்படி தள்ளி நின்று, "அமலி" என்றார். பிறகு நான்கு தப்படி, பிறகு இரண்டு. சாக்பீஸ் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்த பித்தளைக் கைமணியை எடுத்து மெல்ல அடித்தார். அவள் ஒன்பதாறு எழுதினாள். இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தார். ஒன்பதேழு எழுதினாள். மூன்றாவது முறை அவர் ஓங்கி அடித்தபோதுதான் அவளுக்கு ஏதோ எட்டியது.

திரும்பினாள். திரும்பிய வேகத்தில் இரண்டு கைகளாலும் தலையையும் காதையும் மூடிக்கொண்டு குறுகி நின்றாள்.

பெரிய சார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கை நீட்டுனீங்களா டீச்சர்?"

"இல்லீங்க சார்" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அன்றே சுவரிலிருந்த விதித்தாளில் 'பின்னால்' என்ற சொல்லை அடித்து 'முன்னால்' என்று எழுதினார். மணியைக் கடைசிப் பீரியடுக்கு அவர்தான் அடிக்கவேண்டும், அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

இத்தனை நாள் இது எப்படி யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். விசைத்தறிக் குடோனுக்குள் ஒரு நிமிடம் நின்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். அந்தச் சத்தத்தில் ஒருவர் காதில் ஒருவர் கத்தினாலும் விளங்காது. அதனால் தறி ஓட்டுகிறவர்கள் குரலை விட்டுவிட்டு உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். இந்தக் கோடித் தறிக்காரி அந்தக் கோடித் தறிக்காரியிடம் மாமியார் கதை முழுவதும் சொல்லி முடிப்பாள், சத்தம் ஒரு துளி வராது. அமலி நடை பழகியதே அங்கேதான். தறிக்குடோனில் பகலெல்லாம் எல்லோருமே செவிடுதான், அதில் ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே காது மங்கிக்கொண்டு போனதை யார் கண்டுபிடிப்பது?

லூர்துவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "எங்கிட்ட நல்லாத்தான டீச்சர் பேசுதா. நான் நாலாந்தறியில நின்னு சொல்லுதது அவளுக்கு வாசல்ல வெளங்குமே" என்றாள். பிறகு முகம் மெல்ல மாறியது. அவளும் எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். நானும் வருகிறேன் என்று நான்தான் வலியப் போய்ச் சொன்னேன். "எம்புட்டு நல்ல மனசு டீச்சர் ஒங்களுக்கு" என்றாள் லூர்து. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். பல்லடத்தில் பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் அமலியின் வலது காதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியிலிருந்து பார்க்க அது எல்லாக் காதையும் போலத்தான் இருந்தது.

டாக்டரம்மா வயதில் சின்னவர். விளக்கு வைத்து இரண்டு காதையும் பார்த்தார். ஒரு அறைக்குள் உட்காரவைத்துச் சத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். இடது காதில் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அது பல வருடமாக நடந்திருக்கும் என்றார். வலது காதில் ஜவ்வு கிழிந்து ஓட்டை இருக்கிறது என்றார்.

"காதுல சீழ் வந்திருக்கா?"

"சின்னதுல வருமுங்க. வெதுவெதுன்னு எண்ணெ காய்ச்சி ஊத்துவேன்" என்றாள் லூர்து.

"எப்பவாவது இந்தக் காதுல அடிபட்டுச்சா? யாராவது அறைஞ்சாங்களா?"

டாக்டர் லூர்துவைத்தான் கேட்டார். ஆனால் அமலி டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவளுக்கு முழுதாகப் புரிந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கவேண்டும். வேலை போய்விடும், ஊர் காறித் துப்பும், போலீஸ் வரும், என் பிள்ளைகள் தெருவில் நடக்க முடியாது. எல்லாம் ஒரே நொடியில் கண்முன்னால் ஓடியது. அமலி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் குனிந்து என் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினேன்.

"யாரு அடிப்பா டாக்டர்? அவ அப்பாகூட கைநீட்ட மாட்டாவ" என்றாள் லூர்து. உடனே அழத் தொடங்கிவிட்டாள். "எண்ணெய நாந்தான சூடா ஊத்திட்டேன். நாந்தான் எம்பிள்ள காதக் கெடுத்துட்டேன்."

டாக்டர் அவளைச் சமாதானப்படுத்தினார். சீழ் வந்தாலும் இப்படி ஓட்டை விழும், எதனால் என்று இப்போது உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் மூடிக்கொள்ளலாம், மூடாவிட்டால் ஆபரேஷன் செய்யவேண்டியிருக்கும் என்றார். உறுதியாகச் சொல்லமுடியாது என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அடுத்த சில மாதங்கள் உயிரோடிருந்தேன். சில இரவு அது என் பக்கம் பேசும், சில இரவு எனக்கு எதிராகப் பேசும்.

வகுப்பில் அமலியின் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. நான் முன்னால் நின்று கேட்டேன். அவள் ஒன்று எண்ணுவதற்குள் சொன்னாள். இருபத்தொன்றையும் சொன்னாள். அவளைவிட வேகமாக அந்த வகுப்பில் யாரும் இல்லை. நான் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதப்போனால் மட்டும் கண்ணை இறுக்கிக்கொள்வாள். கடைசிவரை அது போகவில்லை.

முகாம் ஒன்றில் காது கேட்கும் கருவி கொடுத்தார்கள், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பெட்டியும் வயரும். மறு சோதனைக்கு லூர்து மட்டும் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். வலது காது மூடவில்லையாம். "என் எண்ணெயால வந்தது" என்று பள்ளி வாசலில் நின்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். என்னிடமும் சொன்னாள். நான் "விடுங்க லூர்து, வேணும்னேவா செஞ்சீங்க?" என்று ஆறுதல் சொன்னேன். அந்த ஆறுதலைச் சொன்ன வாய் அழுகிப்போயிருக்கவேண்டும்.

மே மாதம் வந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். அமலியின் சான்றிதழ் மட்டும் கிடந்தது. ஆறாம் வகுப்பில் சேர்க்காமல் குடோன் வேலையில் உட்காரவைத்துவிடுவார்களோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. பெரிய சார் ஆள் அனுப்புகிறேன் என்றார். நானே போகிறேன் என்றேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அமலி அந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அடுத்த வருடம் குடும்பம் குன்னத்தூர்ப் பக்கம் மாறிப்போனது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

நான் குடோனுக்குப் போனது மதிய நேரம். உள்ளே கால் வைத்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. காற்றெல்லாம் பஞ்சு. அமலி ஒரு மூலையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கருவி அவள் காதில் இல்லை. லூர்து இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். தறியை நிறுத்தவில்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, என்ன என்பதுபோல என் உதட்டைப் பார்த்தாள்.

சான்றிதழைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்காததால்தானோ என்னவோ, ஆஸ்பத்திரியில் வராதது அங்கே வந்துவிட்டது.

"நான் அவளைக் காதுல அடிச்சேன். அந்த வலது காதுலதான். ஒருதடவ இல்ல. டாக்டர் கேட்டப்ப சொல்லாம மறைச்சுட்டேன். உங்க எண்ணெயால இல்லாம இருக்கலாமுங்க லூர்து."

அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் முகம் அப்படியே நின்றுபோனது. பிறகு அவள் உதடு அசைய ஆரம்பித்தது. அவள் பேசினாள். கண் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எங்கே ஒரு வார்த்தை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. திட்டுகிறாளா, சாபமிடுகிறாளா, ஏன் என்று கேட்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. நடுவில் ஒரு தறியில் நூல் அறுந்து நின்றது. போய் அதை முடிந்து ஓடவிட்டுவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

அமலி பக்கம் திரும்பினேன். அவள் தன் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாமே அவளுக்கு விளங்கியிருந்தது. "அம்மா என்ன சொல்றாங்க கண்ணு?" என்றேன்.

அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் அருகில் வந்து, கையிலிருந்த சான்றிதழை மெல்ல வாங்கிக்கொண்டு, எக்கி என் காதில் கத்தினாள்.

"காயிதத்தக் கொண்டாந்து குடுத்ததுக்கு ரொம்பச் சந்தோசம்னு சொல்லுதுங்க டீச்சர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க டீச்சர். நீங்க போங்க."

லூர்து இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.